பன்னிரண்டரை மணிக்கு எப்படி இருக்கும்?

பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுப்பதைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: அடுப்பிலிருந்து இறக்கும்போது ருசி பார்த்து முடிவு செய்யாதீர்கள். அந்தச் சாப்பாட்டை அடுப்படியில் நின்று யாரும் சாப்பிடப் போவதில்லை. காலை ஏழு மணிக்கு அது டப்பாவுக்குள் போகிறது. புத்தகங்களுக்கு நடுவே நசுங்குகிறது, வண்டியில் குலுங்குகிறது, வகுப்பறை மூலையில் நான்கைந்து மணி நேரம் கிடக்கிறது. பிறகு ஒரு சின்னக் கை அதைத் திறக்கிறது. சுற்றிலும் கூச்சல், விளையாடக் கூப்பிடும் கூட்டாளிகள், மணி அடிக்கக் கொஞ்ச நேரம்தான் பாக்கி. அப்போது அது எப்படி இருக்கும்? பன்னிரண்டரை மணிக்கு எப்படி இருக்கும்? காலையில் கரண்டியைக் கையில் எடுக்கும்போதே நான் என்னைக் கேட்டுக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான்.

எளிதான லஞ்ச் என்று பேசும்போது பெரும்பாலும் கட்டுகிறவருக்கு எளிதா என்றுதான் பார்க்கிறோம். பத்து நிமிடத்தில் ஆகுமா, பாத்திரம் குறைவாக விழுமா. அது நியாயமான கவலைதான், காலை நேரத்தின் அருமை எனக்கும் தெரியும். ஆனால் சாப்பிடுகிற பிள்ளைக்கு அது எளிதா என்று பார்க்கத் தொடங்கியதும் நம் வேலையும் தானாகவே குறைந்துவிடுகிறது. பிள்ளைக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சாதாரணமான, வகை குறைந்த, பழகிய சாப்பாடு.

நேரத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், மற்றதெல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். பிள்ளைகள் உணவோடு உட்கார்ந்த பிறகு சாப்பிடக் குறைந்தது 20 நிமிடமாவது கொடுங்கள் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் பள்ளிகளுக்குப் பரிந்துரைக்கிறது. உட்கார்ந்த பிறகு என்பதைக் கவனியுங்கள். இடைவேளை அரை மணி நேரம் என்று பள்ளி சொன்னால், கை கழுவுவது, இடம் பிடிப்பது, பையைத் துழாவுவது, கடைசியில் எல்லாவற்றையும் எடுத்து வைப்பது எல்லாம் அந்த அரை மணிக்குள்தான். வாய்க்குச் சாப்பாடு போகும் நேரம் அதில் பாதி தேறினால் பெரிது.

என் மகள் நிதானமாகச் சாப்பிடுகிறவள். அவளை அவசரப்படுத்தினால் சாப்பாட்டையே ஒதுக்கிவிடுவாள். அதனால் ஒரு விடுமுறை நாளில், பள்ளிக்குக் கட்டுவதைப் போலவே டப்பாவில் கட்டி, பள்ளியில் இருக்கும் அதே ஸ்பூனைக் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நேரம் எங்கே போகிறது என்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. மெல்லுவதற்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ரொட்டியை ஒரு கையால் அழுத்திப் பிடித்து மறு கையால் கிழிப்பதற்கும், கிழித்த துண்டால் காயை அள்ளுவதற்கும், அது வழுக்கி விழுந்தால் மறுபடி துரத்திப் பிடிப்பதற்கும்தான் நிமிடங்கள் கரைந்தன. அதே ரொட்டிக்குள் அதே காயை வைத்துச் சுருட்டி, இரண்டாக நறுக்கி நிறுத்தி வைத்தால் போதும். அவள் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் பேச்சுக்குத் தாளம் போட்டபடியே சாப்பிட்டு முடித்தாள். சமையலில் எந்த மாற்றமும் இல்லை.

இதை எல்லாரும் ஒருமுறை செய்து பார்க்க வேண்டும் என்பேன். பிசைய வேண்டியதை நாமே பிசைந்து வைக்கலாம். உரிக்க வேண்டியதை உரித்து வைக்கலாம், அல்லது பாதி உரித்து வைக்கலாம். ஆரஞ்சுப் பழத்தின் தோலில் கத்தியால் ஒரு கீறல் போட்டு அனுப்பினால் விரல் நுழைய வழி கிடைக்கும், பழமும் காயாது. ஆறு, ஏழு வயதில் முன்பற்கள் விழுந்து முளைக்கும் பருவம் ஒன்று வருகிறதே, அப்போது முழு ஆப்பிளைக் கடிக்கவே முடியாது. ஆப்பிள் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நாம் இங்கே முடிவு கட்டிக்கொண்டிருப்போம். அங்கே பிள்ளை பல் இல்லாத இடத்தை வைத்துக்கொண்டு தோலோடு மல்லுக்கு நின்றிருக்கும்.

மூடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டப்பா வாங்கப் போகும்போது பிள்ளையைக் கூட்டிப் போய், அவர்கள் கையாலேயே திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு முறை திறந்தால் போதாது, ஈரக் கையோடும் திறக்க வருகிறதா என்று பாருங்கள். நாலு பக்கமும் கிளிப் போட்டு, சுற்றிலும் ரப்பர் வளையம் வைத்த டப்பாக்கள் ஒழுகாமல் இருப்பதற்கு நல்லவைதான். ஆனால் அவற்றில் ஒரு சிக்கல் உண்டு. கொதிக்கக் கொதிக்கச் சாப்பாட்டைப் போட்டு உடனே இறுக மூடினால், உள்ளே இருக்கும் ஆவி ஆற ஆறத் தண்ணீராகி, உள்ளே காற்றழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்று மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். காலையில் சுலபமாகக் கழன்ற மூடி மதியம் பெரியவர்கள் கைக்கே அசைந்து கொடுக்காது. அந்த ஆவிதான் மூடியின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து, கீழே இருப்பதன் மேல் சொட்டிச் சொட்டி, மொறுமொறுப்பாக வைத்ததையெல்லாம் சொதசொதவென்று ஆக்குகிறது. மூடியில் காற்றுத் திறப்பு ஒன்று சின்னதாக வைத்த டப்பாக்கள் கிடைக்கின்றன. அதை ஒரு விரலால் நெம்பினால் காற்று உள்ளே போகும், மூடி தானாகத் தளரும். பிள்ளைக்கு அதைக் காட்டிக் கொடுத்துவிட்டால் மூடித் தொல்லை அதோடு தீர்ந்தது.

இனி சூடு. இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைக்கிறேன், இதில் மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை.

உலக சுகாதார அமைப்பு 2001-இல் பாதுகாப்பான உணவுக்கு ஐந்து வழிகளை வகுத்தது. அதில் ஒன்று, உணவைப் பாதுகாப்பான வெப்பநிலையில் வைப்பது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில் கிருமிகள் வேகமாகப் பெருகும். அதனால் சமைத்த உணவை அறைவெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விட்டு வைக்கக் கூடாது என்பது அவர்கள் சொல்லும் விதி. ஏழு மணிக்குக் கட்டி பன்னிரண்டரைக்குச் சாப்பிடும் சாப்பாட்டை இந்த விதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டு மணி நேரம் ஒன்பது மணிக்கே முடிந்துவிடுகிறது. இத்தனை வருடம் எல்லாரும் அப்படித்தானே சாப்பிட்டோம் என்று பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது சரிதான், பல உணவுகள் தாங்கவும் செய்யும். ஆனால் எது தாங்கும், எது தாங்காது என்று தெரிந்து கட்டுவதற்கும், தெரியாமல் கட்டுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அதுவும் சின்ன உடம்புக்கு வாந்தியும் பேதியும் சாதாரண விஷயம் இல்லை, பெரியவர்களைவிடச் சீக்கிரம் நீர்ச்சத்து வற்றிவிடும்.

சோறு ஒன்றும் செய்யாது என்றுதான் நினைப்போம். மண்ணிலிருந்து தானியத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரி ஒன்று இருக்கிறது. அதன் வித்துகள் கொதிக்கும் தண்ணீரிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அந்த வித்துகள் விழித்துப் பெருகும். அவற்றில் சில வகை, வாந்தி வரவைக்கும் நச்சைச் சோற்றிலேயே உண்டாக்கிவிடும். நச்சு உண்டான பிறகு எவ்வளவு சூடாக்கினாலும் அது போகாது. வாடை வராததாலேயே நல்ல சோறு என்று சொல்லிவிட முடியாது. ராத்திரிச் சோற்றை மறுநாள் பயன்படுத்த வேண்டுமென்றால், பானையிலேயே விடாமல் அகலமான தட்டில் பரப்பி, சீக்கிரம் ஆற வைத்து, உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். காலையில் ஆவி பறக்க ஒரே ஒரு முறை சூடாக்கி, சூடாகவே அனுப்ப வேண்டும்.

ஆக, மூன்று வழிதான் இருக்கிறது. சூடாக அனுப்புங்கள், அல்லது குளிர்ச்சியாக அனுப்புங்கள், அல்லது சூடும் குளிரும் தேவைப்படாத உணவாக அனுப்புங்கள். இந்த மூன்றுக்கும் நடுவில் வெதுவெதுப்பு என்று ஒன்று இருக்கிறதே, அதைத்தான் நாம் பழக்கத்தில் அதிகம் அனுப்புகிறோம். மற்ற மூன்றையும்விட மோசம் அது.

சூடாக அனுப்ப ஃபிளாஸ்க் போன்ற, வாய் அகன்ற டப்பா வேண்டும். ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி 1892-இல் வடிவமைத்த பொருள் அது. மிகக் குளிர்ந்த திரவ வாயுக்களை ஆவியாகிப் போகாமல் வைத்துக்கொள்ள அவருக்கு ஒரு பாத்திரம் தேவைப்பட்டது. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுவர், நடுவில் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிடுவது, அவ்வளவுதான். காற்றே இல்லாத இடத்தில் சூடு கடந்து போக வழி குறைவு. பக்கச் சுவரில் வழி இல்லாததால், சூடு பெரும்பாலும் மேலே மூடி வழியாகத்தான் வெளியேறும். இதைப் புரிந்துகொண்டால் பயன்படுத்தும் முறையும் தானாகப் புரியும். முதலில் டப்பாவில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றி மூடி ஐந்து, பத்து நிமிடம் வைத்திருங்கள். இல்லாவிட்டால் உள்சுவரைச் சூடாக்குவதிலேயே சாப்பாட்டின் சூடு பாதி போய்விடும். தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்பிலிருந்து ஆவி பறக்க இறக்கியதை உடனே போடுங்கள். கழுத்து வரை நிறைத்துப் போடுங்கள். பெரிய ஃபிளாஸ்கில் கால் பங்கு சோறு போட்டால் அது மதியத்துக்குள் ஆறிவிடும், சின்னப் பிள்ளைக்குச் சின்ன ஃபிளாஸ்க்தான் சரி. இடைவேளையில் திறந்து பார்க்காமல் நேராக மதியம்தான் திறக்க வேண்டும் என்று பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

பருப்பு, பயறு, காய் போட்டுக் குழைவாக வேக வைத்த சோறு, சூப், சாறு நிறைந்த கறிகள் எல்லாம் ஃபிளாஸ்கில் நன்றாக இருக்கும். ஈரமும் குழைவும் சூட்டைப் பிடித்து வைக்கின்றன. உதிரியாக இருப்பதும் பொரித்ததும் அதில் வேண்டாம். பொரித்தது தன் ஆவியிலேயே ஊறி, பழைய துணி மாதிரி துவண்டுவிடும்.

குளிர்ச்சியாக அனுப்புவது இன்னும் எளிது. ராத்திரியே கட்டி ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், காலையில் எடுத்துப் பையில் போட்டால் போதும். குடிக்கும் தண்ணீர் பாட்டில் ஒன்றில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதை டப்பாவை ஒட்டி வைத்துவிடுங்கள். முழுக்க நிரப்ப வேண்டாம், தண்ணீர் உறையும்போது பத்தில் ஒரு பங்கு அளவுக்கு விரியும், பாட்டில் வெடித்துவிடும். மதியத்துக்குள் உருகி, குடிக்கச் சில்லென்ற தண்ணீரும் ஆயிற்று. சூட்டைத் தடுக்கும் துணிப்பை ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் அந்தப் பை தானாக எதையும் குளிர வைக்காது, உள்ளே இருக்கும் குளிரை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், அவ்வளவுதான். தயிர், வேக வைத்த முட்டை, இறைச்சி, மீன் வைத்த ரொட்டி, காய் கலந்த பாஸ்தா எல்லாம் இப்படித்தான் போக வேண்டும். சூடான ஃபிளாஸ்கையும் குளிர்ந்த டப்பாவையும் ஒரே பையில் நெருக்கி வைக்காதீர்கள்.

மூன்றாவது வகை எனக்கு மிகவும் பிடித்தது, அவசரக் காலைகளில் கைகொடுப்பது. முழுப் பழங்கள், உலர்ந்த பழங்கள், வறுத்த பயறு வகைகள், ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பிரெட், முழுதாகக் கழுவித் துடைத்த பிஞ்சுக் காய்கள். பள்ளியில் எங்கே வைத்தாலும் இவை கெடாது. பிள்ளைகள் சுற்றுலா போகும் நாளில் நான் வேறு எதையும் யோசிப்பதே இல்லை.

சூடு சரியாக இருந்துவிட்டாலும், அடுத்தது பதம். சோறு ஆறினால் ஏன் விறைக்கிறது? வேகும்போது தண்ணீரை உறிஞ்சித் தளர்ந்த மாவுச்சத்து, ஆறும்போது மறுபடி நெருங்கி இறுகுகிறது. ஃபிரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். நீள அரிசிகளில் அமைலோஸ் என்ற மாவுச்சத்து பொதுவாக அதிகம், அதனால் அவை அதிகம் விறைக்கும். குட்டையான, லேசாக ஒட்டும் அரிசிகள் ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும். அரிசியை மாற்ற முடியாவிட்டால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் தண்ணீர் கூட்டி வேக வைத்து, சூடாக இருக்கும்போதே சிறிது எண்ணெயோ வெண்ணெயோ கலந்து கிளறி வையுங்கள். பிரெட், ரொட்டி எல்லாவற்றுக்கும் இதே கதைதான், அதனால்தான் ஃபிரிட்ஜில் வைத்த பிரெட் மறுநாளே வறட்டி போல ஆகிவிடுகிறது. பிரெட்டை நாட்கணக்கில் வைக்க வேண்டுமென்றால் ஃபிரீசரில் வையுங்கள். உறைந்த துண்டுகளிலேயே தடவி அடுக்கி அனுப்பினால், மதியத்துக்குள் உறைவு விட்டு மென்மையாக இருக்கும்.

சாண்ட்விச்சில் பிரச்சினை எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது, அது ஊறிப்போகிறது. தக்காளியும் வெள்ளரிக்காயும் உப்புப் பட்டால் தண்ணீர் விடும். விட்ட தண்ணீரைப் பிரெட் குடித்துவிடும். ஓரம் வரை இடைவெளி விடாமல் வெண்ணெயோ சீஸோ கெட்டியாக எதையாவது தடவிவிட்டால், அந்தக் கொழுப்பு தண்ணீரைப் பிரெட்டுக்குள் போகவிடாது. இரண்டு துண்டிலும் தடவ வேண்டும், ஒரு துண்டில் தடவி மறு துண்டை விட்டால் பயனில்லை. தக்காளியின் விதையையும் சாற்றையும் வழித்து எடுத்துவிட்டுச் சதையை மட்டும் வையுங்கள். உப்பு போடாதீர்கள். ஆப்பிளை நறுக்கினால் பழுப்பாவது, அதன் சதையில் உள்ள நொதி ஒன்று காற்றோடு சேர்ந்து செய்யும் வேலை. எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரிலோ லேசான உப்புத் தண்ணீரிலோ ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் அது மட்டுப்படும். இன்னும் சுலபமான வழி, நறுக்கிய துண்டுகளை மறுபடி முழு ஆப்பிளாகச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டு விடுவது. காற்றுப் படாது, பிள்ளைக்குப் பிரித்துத் தின்னும் சந்தோஷமும் உண்டு.

இதையெல்லாம் செய்தும் டப்பா பாதியோடு திரும்பி வரும் நாட்கள் இருக்கும். அந்த டப்பாவைப் பிள்ளைக்கு எதிரான சாட்சியாக நினைக்காதீர்கள். அது நமக்கு வந்த தகவல். மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு வா என்று சொல்வதற்குப் பதில், அப்படியே கொண்டு வரச் சொல்லுங்கள். திட்டு விழாது என்று தெரிந்தால்தான் கொண்டு வருவார்கள், இல்லாவிட்டால் பள்ளித் தொட்டிக்குத்தான் போகும். “ஏன்டா சாப்பிடல?” என்று கேட்டால் பதில் வராது. “இதுல எது கஷ்டமா இருந்துச்சு?” என்று கேட்டால் வரும். என் மகன் ஒருநாள் சொன்னான்: “முட்டை நல்லாத்தான்மா இருக்கு, திறந்தா எல்லாரும் மூக்கைப் பொத்துறாங்க.” முட்டையை நெடுநேரம் வேக வைத்தால் வெள்ளைக்கருவிலிருந்து கந்தக வாடை கிளம்பும், மஞ்சளைச் சுற்றிப் பச்சைக் கோடும் விழும். நேரம் பார்த்து இறக்கி, உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் இரண்டும் வெகுவாகக் குறையும். முட்டை தொடர்ந்து போகிறது.

அளவு விஷயத்தில் எலின் சாட்டர் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் வகுத்த பங்கீடு எனக்குப் பெரிய நிம்மதியைக் கொடுத்தது. என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் பொறுப்பு. பள்ளிச் சாப்பாட்டில் நாம் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அப்படித்தான் நடக்கிறது, பக்கத்தில் நின்று ஊட்ட முடியாது. அதனால் கொஞ்சமாகக் கட்டுங்கள். தளும்பத் தளும்ப நிறைத்த டப்பாவைத் திறந்ததுமே சின்னப் பிள்ளைக்கு மலைப்பாக இருக்கும். பள்ளி விட்டு வந்ததும் சாப்பிட ஒன்று வீட்டில் தயாராக இருந்தால் போதும், மதியம் குறைந்தது அங்கே ஈடாகிவிடும்.

புது உணவைப் பள்ளிக்கு அனுப்பிப் பழக்க முயலாதீர்கள். இதில் நான் பிடிவாதமாகவே இருக்கிறேன். லியான் பர்ச் என்ற உளவியலாளர் 1980-களில் சிறு பிள்ளைகளிடம் செய்த ஆய்வுகள், ஓர் உணவைத் திரும்பத் திரும்ப ருசித்த பிறகுதான் அது பிடிக்கத் தொடங்குகிறது என்று காட்டின. இதைத் தின்றால் அதைத் தருவேன் என்று பரிசு காட்டிச் சாப்பிட வைத்தால் அந்த உணவின் மேல் விருப்பம் குறைவதையும் அவர் கண்டார். திரும்பத் திரும்ப ருசிக்க அவசரமில்லாத, பழகிய முகங்கள் சுற்றியிருக்கும் இடம் வேண்டும். அது வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரம். பள்ளி டப்பாவில் பழகியது மட்டும் போகட்டும். ஒரே மாதிரியாகக் கட்டுகிறோமே என்று குற்ற உணர்வு கொள்ளவே வேண்டாம். வாரம் முழுக்க மாறி மாறி வரும் ஐந்தாறு சாப்பாடு ஒரு பிள்ளைக்கு ஏராளம். காலையிலும் இரவிலும் வேறு வேறு சாப்பிடட்டும்.

சோற்றில் கண், மூக்கு வைப்பது, கேரட்டைப் பூவாக வெட்டுவது எல்லாம் பார்க்க அழகுதான், ஆசையாகச் செய்கிறவர்கள் செய்யட்டும். ஆனால் அதுதான் அன்பின் அளவு என்ற எண்ணம் பரவியிருப்பது எனக்கு வருத்தம். வேலைக்குப் போகிற அம்மா, தனியாகப் பிள்ளை வளர்க்கும் அப்பா, இவர்கள் கட்டும் எளிய சாப்பாட்டுக்குக் குறை ஒன்றும் இல்லை. வெட்டி விளையாடிய நேரத்தில் கை அதிகம் பட்டு, அறைவெப்பத்தில் அதிக நேரம் கிடந்த சாப்பாட்டைவிட, சட்டென்று கட்டிய சாப்பாடு பிள்ளைக்கு நல்லதும்கூட.

சின்னதாகச் சில எச்சரிக்கைகள். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குத் திராட்சையை முழுதாக அனுப்பாதீர்கள், நீளவாக்கில் நாலாக வெட்டி அனுப்புங்கள். உருண்டையாக, வழுவழுப்பாக இருப்பது தொண்டையை அப்படியே அடைத்துக்கொள்ளும். முழுக் கடலை, முழுப் பாதாம் வகைகளும் அந்த வயதில் வேண்டாம். ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்களா என்று பள்ளியில் கேட்டுக்கொள்ளுங்கள். வேர்க்கடலை பற்றி எல்லாருக்கும் தெரியும், எள் பலருக்கு நினைவுக்கே வராது. அமெரிக்காவில் 2023 முதல் முக்கிய ஒவ்வாமை உணவுகளின் பட்டியலில் எள்ளும் ஒன்பதாவதாகச் சேர்ந்திருக்கிறது. பகிர்ந்து உண்ணச் சொல்லிக் கொடுக்கிற நாம், கொடுப்பதற்கு முன் கேட்கவும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பயறு, கீரை போன்றவற்றின் இரும்புச்சத்து உடம்பில் சேர வைட்டமின் சி உதவும், அதனால் அவை போகும் நாளில் ஆரஞ்சோ குடைமிளகாயோ கூடவே போகட்டும்.

காலை வேலையைக் குறைக்க நான் செய்வது இது. டப்பாவில் நான்கு இடங்களை மனதில் வைத்திருக்கிறேன். வயிறு நிறைக்க ஒன்று, புரதத்துக்கு ஒன்று, காய் ஒன்று, பழம் ஒன்று. ராத்திரிச் சமையலில் பயறோ இறைச்சியோ வேகும்போதே ஒரு பங்கு கூடுதலாக வெந்துவிடும், பரிமாறும் முன்பே மறுநாளுக்கு எடுத்து வைத்துவிடுவேன். சாப்பிட்டு மிஞ்சியதை அனுப்புவதைவிட, முதலிலேயே எடுத்து வைப்பது சுத்தம். காய்களை வார இறுதியில் கழுவி நறுக்கி, ஈரம் போகத் துடைத்து, காகிதத் துண்டு விரித்த டப்பாவில் வைத்தால் சில நாள் தாங்கும். கெட்டியான காய்களுக்குத்தான் இது, வெள்ளரி அன்றன்றைக்கு.

மகளுக்கு எட்டு வயதானபோது தன் டப்பாவைத் தானே கட்டத் தொடங்கினாள். நான் சமைத்து வைப்பதில் எதை எவ்வளவு எடுப்பது என்பது அவள் முடிவு, நான்கு இடமும் நிறைய வேண்டும் என்பது என் நிபந்தனை. அவள் எடுக்கும் சோறு நான் வைத்ததைவிடக் குறைவு, பழம் கூடுதல். காய்க்கு எப்போதும் வெள்ளரியைத்தான் எடுக்கிறாள், அதையும் வட்டமாக இல்லாமல் நீளக் குச்சியாக வெட்டச் சொல்கிறாள். வட்டமாக வெட்டினால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறதாம், ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க நேரமாகிறதாம். இப்போது தம்பிக்கும் அவள்தான் சொல்லிக் கொடுக்கிறாள், அவனுக்கும் வெள்ளரி குச்சியாகத்தான் போகிறது.